நானுஓயாவுக்குத் தனியாக

தங்கையின் கடிதம் என் கைக்கு வந்தபோது அது எழுதப்பட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. அவளுடைய இளைய மகள் பெரிய மனுஷியாகிவிட்டாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அவர்கள் காம்பராவுக்கு முன்னால் இருக்கும் சின்ன இஸ்தோப்புத் திண்ணையில், ஒரு மூலையைச் சேலையால் மறைத்து, அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் போய்ப் பச்சைத் தழையில் குடிசை கட்ட வேண்டும். அதில் ஒரு இரவாவது பிள்ளை தங்கிய பிறகுதான் தண்ணீர் ஊற்றலாம். பதினாறாம் நாள் தண்ணீர். அதற்கு மறுநாள் மார்கழி பிறக்கிறது. தள்ளிப் போட வழியில்லை.

கடைசி இரண்டு வரிகளை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். "மூத்தவளுக்கு நீங்கள் வரவில்லை, பக்கத்துக் காம்பராக்காரர் குடிசை கட்டினார். இந்த முறையும் அவர்தான் கட்ட வேண்டுமென்றால் எனக்கு அண்ணன் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்." தங்கைக்கு எழுதத் தெரியாது. யாரிடமோ சொல்லி எழுதுவித்தது. ஆனாலும் அவள் எதிரில் நின்று சொல்வது போலவே இருந்தது.

மூத்தவளுக்குப் போகாததற்குக் காய்ச்சல் என்று பதில் போட்டிருந்தேன். காய்ச்சல் இல்லை. பயம்தான். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அதுவரை நான் தனியாக ரயிலில் போனதில்லை. திருவிழாவுக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் ஒரு கூட்டத்தோடு போவேன், கூட்டத்தோடு இறங்குவேன். டிக்கெட்டை வேறொருவர் வாங்குவார். பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஸ்டோரில் எனக்கு வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்து அரைக்கும் இயந்திரங்கள் போடும் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

இந்தத் தடவை பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அந்த வருடம் நடுவில்தான் இலங்கையில் தமிழரை அடித்த கலவரம் நடந்தது. எங்கள் தோட்டத்துக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கேள்விப்பட்டதெல்லாம் ஸ்டோருக்குள் வந்து சேர்ந்தது. ரயிலை நிறுத்தி ஆட்களை இறக்கினார்கள், பேசச் சொல்லிப் பார்த்தார்கள், காதில் துளை இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்றெல்லாம். ஆறு மாதம் போய்விட்டது, இப்போது எல்லாம் அமைதி என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களும் ரயிலில் போகவில்லை.

மனைவி கூட வர முடியாது. கடைக்குட்டிக்கு அம்மை போட்டு வேப்பிலை கட்டியிருந்தோம், பிள்ளை இன்னும் தேறவில்லை. அம்மை கண்ட வீட்டிலிருந்து நானே போகலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி மூணு நாளாச்சு. இந்தச் சாக்கும் இல்லீங்க," என்றாள்.

பயணத்தை எப்படிச் செய்வது என்று எனக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வீட்டுச் சமையல்காரர். ஐயாவோடு கொழும்பு வரை போய் வந்தவர். ரயிலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்பது எங்கள் நம்பிக்கை. சாயங்காலம் அவருடைய குசினிக் கதவருகே போய் நின்றேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கவே எனக்கு நேரம் பிடித்தது.

அவர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். விடியற்காலை நடந்து போய் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பண்டாரவளையில் இறங்க வேண்டும். பதுளையிலிருந்து வரும் காலை ரயில். தியத்தலாவை, அப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொல, அம்பேவெல, அதன் பிறகு நானுஓயா. இந்தப் பெயர்களை நான் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்ததில் அன்றைக்கு ஒரு பிரயோசனம் இருந்தது. நானுஓயாவில் இறங்கி ஐந்து மைல் நடந்தால் தங்கையின் தோட்டம். மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடலாம்.

பிறகு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டி கூடாது என்றார். கடுக்கன் கூடாது. தாம்பாளம், தேங்காய், மாலை எதுவும் வெளியே தெரியக்கூடாது. ஐயா கழித்துப் போட்ட காற்சட்டை ஒன்று அவரிடம் இருந்தது, கோட்டும் இருந்தது. சீர்ச் சாமானை ஒரு தோல் பெட்டியில் அடுக்கிக் கொண்டு போகலாம். காதுத் துளைக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

"குளிர் காலந்தானே அண்ணே. மப்ளர காதோட சேத்துச் சுத்துங்க. ஒஹியப் பக்கம் தொரமாரே அப்படித்தான் போவாங்க."

சிங்களத்தில் யாராவது பேசினால்?

"பேசாம இருங்க. ஒங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லயே, நாப்பது வருசமா பழகுனதுதான."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த யோசனை எனக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

கடுக்கனைக் கழற்றியபோது மனைவிக்குக் கோபம் வந்தது. மாமனாக நிற்கப் போகிறவன் மூளிக் காதோடு நின்றால் ஊர் என்ன சொல்லும் என்றாள். பெட்டியில் வேட்டி சால்வையோடு கடுக்கனும் இருக்கட்டும், லயத்துக்குப் பக்கத்தில் போனதும் ஒரு மறைவில் நின்று உடுப்பை மாற்றிக்கொண்டு மாமனாகவே போகிறேன் என்றேன். அதுதான் திட்டத்தின் கடைசிப் பகுதி. அவளும் ஒப்புக்கொண்டாள். மூன்று இரவு நான் இந்தத் திட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இதல்கஸ்ஹின்னவில் யாரோ வழிமறித்து ரயில் நிற்பதோடு அது முடிந்தது.

பதினான்காம் நாள் புறப்பட்டேன். மழை. காற்சட்டை இடுப்பில் பெரியது. கயிற்றால் இறுக்கி மேலே கோட்டைப் போட்டிருந்தேன். பண்டாரவளை ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் இரண்டு பேரை எனக்கு முன் போகவிட்டேன். பிறகு நானுஓயா என்ற ஒரே சொல்லைச் சொன்னேன். டிக்கெட் வந்தது. அது அவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்புத்தளையில் ஒரு சிங்களவர் ஏறி எதிரில் உட்கார்ந்தார். சாரம் கட்டியிருந்தார். காலடியில் லீக்ஸ் காய்கறிக் கட்டுகள் இருந்தன. வெலிமடைப் பக்கத்து வியாபாரி என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஏதோ கேட்டார். நான் தலையை ஆட்டினேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் ஆட்டினேன். பிறகு அவர் கேட்கவில்லை.

இதல்கஸ்ஹின்னவில் ரயில் நின்றது. மேலே மண் சரிந்திருக்கிறது, அள்ளும்வரை போகாது என்று பெட்டியில் பேசிக்கொண்டது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. அந்த ஸ்டேஷன் ஒரு மலை முதுகின் மேல் இருக்கிறது. இரண்டு பக்கமும் பள்ளம். வெயில் நாளில் அங்கிருந்து வெகுதூரம் தெரியும் என்பார்கள். அன்றைக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக மூடியிருந்தது. மூடுபனிக்குள்ளிருந்து யாராவது தண்டவாளத்தின் மேல் நடந்து வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் மூன்று இரவும் மனசுக்குள் பார்த்தது இந்த இடத்தைத்தான். ஒரு ஆள் வந்தார். மண்வெட்டியோடு வந்த ரயில்வேக் கூலியாள். அவரைக் கண்டதும் தோல் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். என் தோல் பெட்டியில் கட்டுச்சோறு இருந்தது. அவிழ்த்தால் புளிச்சோற்று மணம் என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று சாப்பிடவில்லை.

ரயில் நகர்ந்த பிறகு சுரங்கங்கள் வந்தன. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். ஒரு நீண்ட சுரங்கத்துக்குள் ஜன்னல் வழியாகப் புகை உள்ளே அடித்தது. இருட்டில் கண் எரிந்தது, மூச்சு முட்டியது. "ஐயோ, முருகா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

வெளிச்சம் வந்தபோது எதிரில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மப்ளரும் ஒரு பக்கம் நழுவியிருந்தது. நான் அதை இழுத்துவிடவும் துணியவில்லை. ஒஹிய வந்தது, போனது. அவர் எழுந்து யாரையும் கூப்பிடவில்லை. பட்டிப்பொலவுக்கு மேலே உள்ள சுரங்கத்தைத் தாண்டியதும் மழை நின்றிருந்தது. நனையாத புல், வெயில், நீல வானம். மலையின் அந்தப் பக்கம் வேறு ஒரு நாடு போல இருந்தது. நான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அவருடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நானுஓயாவில் அவசரத்தில் பெட்டியை மறந்து இறங்கிவிட்டேன். அவர் அதை ஜன்னல் வழியாக நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். நன்றி என்று சொல்ல எந்தப் பாஷையும் எனக்கு வரவில்லை.

தங்கையின் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்கள் திரும்பி, லயத்து வாசல்களில் விறகு பிளந்துகொண்டும் தண்ணீர் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். உடுப்பை மாற்ற வேண்டிய இடம் அதுதான். ஒரு மதகின் அருகே நின்று கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினேன். மேலே பாதையில் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. தெரியாத தோட்டத்தில் தேயிலைச் செடிக்குள் நின்று ஒரு ஆண் காற்சட்டையை அவிழ்ப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். தங்கை வீட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

லயத்தின் முனையில் நின்றிருந்த ஒருவன் என்னைப் பார்த்தான். கோட்டு, காற்சட்டை, கையில் தோல் பெட்டி. அவன் உள்ளே பார்த்து ஏதோ சொன்னான். உடனே முதல் கதவு சாத்தப்பட்டது. பிறகு அடுத்தது. விறகு பிளந்த சத்தம் நின்றது. ஒரு ஆள் பின்பக்கமாகக் குதித்து மலைக்குள் ஓடினான், அவனுக்குப் பின்னால் இன்னொருவர். அந்த இரண்டாவது ஆள் ஒரு தடவை திரும்பியபோது அவர் என் தங்கை புருஷன் என்று தெரிந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர்களைத் தேடி, இந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் வந்தவன் என்று பிடித்துப் போக வருகிற அதிகாரிகள் இப்படித்தான் வருவார்கள். காற்சட்டை, பெட்டி, சாயங்கால நேரம். மச்சான் சின்ன வயதில் அக்கரையிலிருந்து வந்தவர். அவரிடம் ஒரு தாளும் கிடையாது. இத்தனை வருடத்தில் என்னை நேரில் பார்த்ததும் இரண்டு தடவைதான்.

தங்கை வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே மூச்சுச் சத்தம் கூட இல்லை. மெதுவாகச் சொன்னால் யாருக்கும் கேட்காது. உரக்கச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. இருட்டினால் மச்சான் எங்கே போய் விழுவார் என்று தெரியாது. பிடிபட்டுவிடுவோம் என்று நினைத்து அவர் இரண்டு நாள் வராமலே போனால் நாளை மறுநாள் தண்ணீர் எப்படி? மப்ளரை அவிழ்த்தேன். லயத்து நடுவில் போய் நின்று, ஸ்டோர் இயந்திரங்களின் சத்தத்தையே மிஞ்ச வேண்டும் என்பது போலக் கத்தினேன்.

"நான் தாய்மாமன்! பிள்ளைக்குக் குடிசை கட்ட வந்திருக்கேன்! பூனாகலையில இருந்து வர்றேன்!"

மூன்று தடவை கத்தினேன். மூன்றாவது தடவையில் தங்கை கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு திட்டினாள். "ஏன்ணே இப்படி வேசம் கட்டிக்கிட்டு வந்த? ஈரக்கொல நடுங்கிப் போச்சு." எல்லாக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மச்சான் நன்றாக இருட்டுவதற்குள் வந்துவிட்டார். முழங்காலில் தோல் உரிந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். பிறகு, "மச்சான், இனி வேட்டியோட வாங்க. அடிக்கிறவன் ஆளத் தெரிஞ்சே அடிக்கட்டும்," என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மறுநாள் காலை குளிரில் விரல் விறைத்தது. கடுக்கனைப் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மச்சான் வெட்டிக் கொடுத்த கிளைகளை இஸ்தோப்பின் ஓரத்தில் நட்டேன். லயத்துச் சனம் நின்று பார்த்தது. அத்தனை பேருக்கு முன்னால் வேலை செய்வது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. சேலை மறைப்புக்குப் பின்னால் மருமகள் இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. தழையைக் கட்டும்போது அவள் மெல்லச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"மாமா, அப்பா தேயிலைக்குள்ள ஓடினத சேலை ஓட்டையில பாத்தேன். ஒரு செருப்பு இந்தப் பக்கம், ஒரு செருப்பு அந்தப் பக்கம்."

"நீ பயப்படலயா?" என்று கேட்டேன்.

"பயந்தேன் மாமா. இந்தச் சேலையத் தாண்டக் கூடாதுன்னு இருக்கயில நான் எங்க ஓடுறது?"

 அவள் பக்கமாகத் தழையில் வெளிச்சம் தெரிந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து, இன்னொரு வரிசை வைத்து நெருக்கமாகக் கட்டினேன்.