தலைவர் துப்பாக்கியில் மீசை

என் பெரியம்மாவுக்குக் கோபம் வராத நாளை நான் பார்த்ததில்லை. பால் பாக்கெட் ஒழுகினால் கோபம், பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நின்றால் கோபம், நான் "பார்க்கலாம்" என்று சொன்னால் அதைவிடக் கோபம். "பார்க்கறதுன்னா இப்பவே பாரு. அப்புறம் என்ன லாம்?" ஆனால் வேலை செய்யும் இடத்தில் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தார். கோபம் இருக்கும்போது துப்பாக்கியைக் கழற்றலாம், திரும்ப மாட்டக் கூடாது.

துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் ஆயுத அறை அவர் பொறுப்பு. அதற்கு முன் தையல் மெஷின் ரிப்பேர் கடையில் இருந்தார். கிளப்பில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் தானாகப் போய் நின்றார். போலீஸ் விசாரணை, பயிற்சி எல்லாம் முடிந்து சாவி கைக்கு வந்த அன்று என் அம்மாதான் பயந்தாள்.

"உனக்கு எதுக்குக்கா துப்பாக்கி வேலை?"

"நான் என்ன சுடவா போறேன்? குளிப்பாட்டி விடப் போறேன்."

ஜன்னல் இல்லாத அறை அது. இரும்பு அலமாரிகள், ஒரு நீள மேசை, அதன் மேல் வீட்டிலிருந்து கொண்டுபோன மஞ்சள் துண்டு. உள்ளே வரும் உறுப்பினர்களிடம் முதல் வார்த்தையே, "மோதிரத்தைக் கழட்டுங்க." சிலர் சிரித்து மழுப்புவார்கள். "சிரிச்சா மோதிரம் கழண்டுடுமா சார்?" என்பார். இரும்பைத் துடைக்கப் பழைய பல் தேய்க்கும் பிரஷ், பருத்தித் துணி, மூங்கில் குச்சி. இரும்பை இரும்பால் தொடவே மாட்டார்.

பழைய மாடல் கைத்துப்பாக்கியில் ஓர் ஆபத்தான இடம் உண்டு. முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியை உடம்போடு சேர்த்துப் பிடிப்பது குறுக்கே போகும் ஓர் ஆணி. ஆணித் தலையில் சின்னக் கைப்பிடி. பெரியம்மா அதைத் தாழ்ப்பாள் என்பார். சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது அது கடைசி நூலிழையில் முரண்டு பிடிக்கும். பொறுமை இல்லாதவர் அழுத்தித் திருகுவார். கைப்பிடியின் முனை உடம்பில் உரசி, வளைவாக ஒரு கோடு போட்டுவிடும். அதற்குப் பெரியம்மா வைத்த பெயர் மீசை. கோடு விழும் இடத்தில் முதலிலேயே ஒரு துண்டு டேப் ஒட்டி, கைப்பிடியைப் படுக்கை வாட்டில் கொண்டுவந்து, குறுக்கே நிற்கும் குட்டி ஸ்பிரிங்கைக் குச்சியால் உள்ளே தள்ளினால் 'டிக்' என்று உட்காரும். டேப்பை உரித்தால் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும்.

சேர்ந்த புதிதில் அவரும் ஒரு மீசை போட்டிருக்கிறார், கிளப்பின் நாலாம் நம்பர் துப்பாக்கியில். அதை மறைக்கவே இல்லை. புதிதாக வருபவர்களிடம் எடுத்துக் காட்டி, "இது நான் போட்டது. இப்படிப் போடாதீங்க" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. கிளப் தலைவரின் மருமகன் நண்பர்களோடு வந்து, செயலாளரிடம் இருந்த இன்னொரு சாவியை வாங்கி, தலைவரின் சொந்தத் துப்பாக்கியைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். பளபளவென்று கருநீலப் பூச்சுள்ள துப்பாக்கி. அடுத்த சனிக்கிழமை நடக்கவிருந்த போட்டியைத் தலைவர் அதைக் கொண்டு சுட்டுத்தான் தொடங்கி வைக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அலமாரியைத் திறந்த பெரியம்மா மீசையைப் பார்த்தார். வேறு யாராவது என்றால் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். இவர் நேராகப் போய்த் தலைவரிடமே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்ற காவலாளி எல்லாவற்றையும் பார்த்தவர்தான். கேட்டபோது அவருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

மறுநாள் ஆயுத அறையிலேயே விசாரணை. "கூட வாடி, நீ படிச்சவ. பேச வேண்டாம். நான் கத்தினா மட்டும் கிள்ளு" என்றார் பெரியம்மா.

செயலாளர் ஒரு தாளை நீட்டினார். 'என் கவனக்குறைவால் கீறல் ஏற்பட்டது' என்று டைப் செய்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும், இல்லையென்றால் சாவியை வைத்துவிட வேண்டும்.

"நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல சார்."

"அதான் ஏற்கெனவே ஒண்ணு போட்டிருக்கீங்களேம்மா. நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களாமே."

சொன்ன உண்மையை எடுத்து அவர் தலையிலேயே போட்டார்கள். மருமகன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கீறலைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் என் படிப்பு எனக்குள் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தது. பெரியம்மாவின் காதில் கிசுகிசுத்தேன். "'கீறல் ஏற்பட்டுள்ளது, வருந்துகிறேன்'னு மாத்திக் கேட்கலாம். வேலை தப்பிச்சுடும்."

"யாரு போட்டான்னு அதுல எங்கடி இருக்கு?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. யாரும் எதுவும் செய்யாத வாக்கியத்தை எழுதத்தான் அத்தனை வருடம் படித்தேனா?

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு செய்ங்கம்மா. இந்தத் துப்பாக்கியை எங்க முன்னாடியே கழட்டி மாட்டுங்க. புதுசா கீறல் விழாம மாட்டிட்டா நம்பறேன்."

பெரியம்மா எழுந்தார். இப்போது கத்தப் போகிறார் என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டேன். கத்தவில்லை. மஞ்சள் துண்டை விரித்தார். மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். உள்ளே குண்டு இல்லையென்று பார்த்தார். டேப்பைக் கிழித்து ஒட்டினார். தாழ்ப்பாள், மேல்பகுதி, ஸ்பிரிங், குழல் என்று ஒவ்வொன்றாகத் துண்டின் மேல் வரிசையாக வந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாட்டுங்க" என்றார் செயலாளர்.

"இப்ப முடியாது சார். கோபமா இருக்கேன். இறங்கட்டும்."

மருமகன் சிரித்தார். "கை நடுங்குது போல."

"ஆமா, நடுங்குது. அதனாலதான் தொடல. ஞாயித்துக்கிழமை இங்க இருந்த கைக்கு அந்த புத்தி இல்ல."

டீ வந்தது, ஆடை கட்டியது. செயலாளர் இரண்டு முறை வெளியே போய் வந்தார். பெரியம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, கையெழுத்துப் போடாத தாளின் மேல் வைத்தார்.

"இன்னிக்கு இறங்காது. மாப்பிள்ளை சாருக்குத்தான் கை நடுங்கலையே, அவரே மாட்டட்டும். வாடி."

தலைவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். டிரைவர் நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்தினான், பெரியம்மா அதற்குக்கூடத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் போனுக்குச் செயலாளர் கூப்பிட்டார். குரல் வெல்லமாக இருந்தது. "பெரியம்மாவை வந்து தலைவர் துப்பாக்கியை மாட்டிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லும்மா. நாளைக்குப் போட்டி. இங்க யாரும் கை வைக்க மாட்டேங்கறாங்க."

"அந்தக் கீறல் யார் போட்டதுன்னு எழுதிட்டீங்களா சார்?"

"அது சின்ன விஷயம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்? வரலைன்னா வேற ஆளுக்குச் சாவியைக் கொடுத்துடுவோம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதுவரை என் குரல் நேர்காணலுக்குப் போகிற குரலாகத்தான் இருந்தது. நல்லதுக்கு என்றதும் எனக்குள் ஏதோ அறுந்தது. "சின்ன விஷயம்னா உங்க மூஞ்சில ஒரு கீறல் போடவா? உங்க தலைவரோட மாப்பிள்ளைக்கு வாய் இல்லையா? அத்தனை பேரும் பார்த்துக்கிட்டே—"

கையில் சுரீரென்றது. பெரியம்மா கிள்ளியிருந்தார்.

"கத்தாத. போனைக் கொடு." வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவது போல அமைதியாகப் பேசினார். "சார், சாவியை யாருக்கு வேணும்னாலும் கொடுங்க. எவன் போட்டான்னு எழுதற அன்னிக்கு வந்து மாட்டித் தரேன். அந்த மஞ்சத் துண்டு மட்டும் என்னோடது. எண்ணெய் ஆக்கிடாம கொடுத்தனுப்புங்க."

போனை வைத்ததும் என்னைத் திட்ட ஆரம்பித்தார்.