புனிதவதி ரீச்சரும் கண்ணாடித் தொட்டிச் சிப்பியும்

யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை வரிசையில் நின்றபோது புனிதவதி ரீச்சரின் தம்பி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா அண்ணை," என்றார். வரிசையை விட்டு விலகவும் தோன்றாமல் அப்படியே நின்றேன். அவருடைய சலரோகத்துக்குப் போடும் இன்சுலின் மருந்து கப்பலில் வருகிறது, வருகிறது என்று கிழமைக்கணக்காகச் சொன்னார்கள். வரவில்லை. இந்தச் சாவை விதி என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஊர்காவற்றுறையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த உங்களுக்கு ரீச்சரின் கண்ணாடித் தொட்டி தெரியும். விலங்கியலுக்குப் புத்தகப் படம் போதாது என்று, ஒருவரிடமும் அனுமதி கேளாமல், ஆய்வுகூடத்தில் கடல்நீர் நிரப்பிப் பவளக்கல்லும் மீனும் சிப்பியும் வளர்த்தவர் அவர். நான் அங்கே உதவியாளன். வயதில் மூத்தவன் என்பதால் என்னை அண்ணை என்பார். அதற்காக ஏச்சைக் குறைக்கமாட்டார்.

ஒருமுறை கல்வி அதிகாரி வருகிறார் என்று அதிபர் தொட்டியைத் துடைக்கச் சொன்னார். முன்பக்கக் கண்ணாடியில் ஒரு சிப்பி தன் நார்களால் ஒட்டியிருந்தது. மட்டி பொறுக்கி வளர்ந்த கைதானே. ஒரே இழுவையில் கழற்றிக் கல்லின் மேல் வைத்தேன். அதிகாரி மெச்சிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் சிப்பி வாயைப் பிளந்து கிடந்தது. ரீச்சர் அதைத் திருப்பி, நாரோடு பிய்ந்த சதையைக் காட்டினார்.

"இழுத்தால் வராது எண்டில்லை அண்ணை. வரும். செத்து வரும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சண்டை நெருங்கி, ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு ஊரே வெளிக்கிட்ட அன்று ரீச்சரைத் தேடிப் போனேன். தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டபடி நின்றார். அடுத்து வளர்த்த சிப்பியும் கண்ணாடியில்தான் ஒட்டியிருந்தது. சவர பிளேட்டைக் கண்ணாடியோடு படிய வைத்து, சதையில் படாமல், நார்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள்ளேயே அறுத்துக்கொண்டிருந்தார். வெளியே ஷெல் விழுந்தது.

"கெதியாய் ரீச்சர்," என்றேன்.

"நீங்கள் கெதியாய்ச் செய்து ஒண்டைச் சாகடிச்சது காணும்."

வேலணைக் கரையில் வள்ளக்காரர் சிப்பி கிடந்த கடல்நீர் வாளியைப் பார்த்துவிட்டு, "மனிசருக்கே இடமில்லை, இது என்னத்துக்கு?" என்றார். ரீச்சர் தன் உடுப்புப் பெட்டியை வள்ளத்திலிருந்து தூக்கி மணலில் வைத்தார். "இப்ப இடமிருக்கு," என்று சொல்லி வாளியை மடியில் வைத்துக்கொண்டார். கட்டிய சேலையோடு அக்கரையில் அராலியில் இறங்கினார். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. உடுக்க மாற்றுச் சேலையில்லை, சிப்பி ஒரு கேடா என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இரவல் பள்ளிக்கூடம். இடம் தந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு. வளவில் சும்மா கிடந்த சீமெந்துத் தொட்டியை ரீச்சர் பிடித்துக்கொண்டார். சைக்கிளில் கடல்நீர் சுமந்தோம். மின்சாரம் இல்லை, சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். சிப்பியை ஒரு தட்டைக் கல்லின் மேல் வைத்து, "ஒருத்தரும் தொடப்படாது. அது தானாய்ப் பிடிக்கட்டும்," என்றார். நான்காம் நாள் மெல்லிய நார்கள் கல்லைப் பற்றியிருந்தன. பிள்ளைகள் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள்.

"இனி அறுக்கத் தேவையில்லை. திரும்பிப் போகேக்கை கல்லோடை தூக்கலாம்," என்றார் ரீச்சர். போனால் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

ரீச்சரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமுன்னரே இரவல் பள்ளிக்கூடத்து அதிபர் என்னைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "ரீச்சரும் இல்லை. திங்கட்கிழமைக்கு முதல் அந்தத் தொட்டியை இறைச்சு விடுங்கோ. விறகு அடுக்கவேணும்."

அதிபர்மார் எதைச் சொன்னாலும் ஓம் என்றே சேவைக்காலம் முழுவதையும் ஓட்டியவன் நான். என் வாய் அன்றும் ஓமுக்குத்தான் திறந்தது.

"ஏலாது சேர்," என்றேன்.

யாருக்கும் அஞ்சாமல் ரீச்சர் சொல்லும் சொல் அது; அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. தொட்டி அங்கேயே இருக்கிறது. இன்று காலை தண்ணீர் மாற்றினேன்.