சுகன்யாவின் நல்ல கால்

ஜலகண்டாபுரம் சுகன்யாவுக்கு இடது முட்டியில் ஜவ்வு அறுந்து ஒன்பது மாதமாகிறது. சேலத்து நூற்பாலை ஒன்று சம்பளம் கொடுத்து நடத்தும் பெண்கள் கூடைப்பந்து அணியில், ஆட்டத்தையே கையில் வைத்திருந்தவள் அவள். எகிறிப் பந்தைப் போட்டுவிட்டு இறங்கும்போது கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பியது, அவ்வளவுதான். கோயம்புத்தூரில் தொடையிலிருந்து தசைநார் எடுத்துப் புது ஜவ்வாக வைத்தார்கள். அம்மா சின்னாயி, ஊர்க்கண் பட்டுவிட்டது என்று உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள்.

வலியைக்கூடச் சுகன்யா பொறுத்துக்கொண்டாள். தமிழினியைத்தான் பொறுக்க முடியவில்லை. புதுச்சத்திரத்திலிருந்து வந்த அந்தப் பெண்தான் இப்போது அவள் இடத்தில் ஆடுகிறாள். மைதான ஓரத்தில் பாய் விரித்து, காலில் மணல் பட்டை கட்டித் தூக்கி இறக்கும்போதெல்லாம் சுகன்யாவின் கண் அவள் மேலேயே இருக்கும். தமிழினி கூடை போட்டால் வயிறு எரியும், தவறவிட்டால் அன்றைக்குச் சோறு ருசிக்கும். ஒருநாள் தமிழினி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது சுகன்யாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அடுத்த நிமிடமே அவள் எழுந்து ஓடிவிட்டாள், பாவி. பொறாமைக்கு ஜவ்வு கிடையாது. எத்தனை குதித்தாலும் அறுவதில்லை.

அடுத்த வாரம் லீக் போட்டி. அதற்குள் பிசியோ இளஞ்செழியனின் சோதனையில் தேற வேண்டும். முதலில் நல்ல காலால் நொண்டியடித்துத் தாண்ட வேண்டும், பிறகு அடிபட்ட காலால். அடிபட்ட கால் தாண்டும் தூரம் நல்ல காலின் தூரத்தைக் கிட்டத்தட்ட எட்டிப்பிடித்தால் ஆடலாம். எட்டாவிட்டால் இந்த வருடம் தமிழினிக்குத்தான்.

தன் இடது கால் எட்டாது என்று சுகன்யாவுக்குத் தெரியும். அதனால் வலது காலை அடக்கிக்கொண்டாள். முகத்தை மட்டும் முக்கி முனகுவது போல வைத்துக்கொண்டு, பாதி வேகத்தில் தாண்டினாள். பிறகு இடது காலுக்கு உயிரையே கொடுத்தாள். இளஞ்செழியன் டேப்பைப் பிடித்துப் பார்த்தார், சிரித்தார்.

"பரவால்லயே. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

கணுக்காலுக்குக் கட்டுப் போட வந்திருந்த தமிழினி, சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகன்யா உடை மாற்றும் அறைக்குப் போனதும் அவள் பின்னாலேயே வந்தாள்.

"நல்ல கால வேணும்னே கம்மியாத் தாண்டுனீங்களேக்கா."

சுகன்யா கதவைச் சாத்தினாள். "சார்கிட்டச் சொல்லப் போறியா?"

"சொல்ல மாட்டனுங்க்கா. எதுக்குச் சொல்லோணும்?" தமிழினி ஷூ லேஸை நிதானமாக அவிழ்த்தாள். "நீங்க எறங்கி ஆடுங்க. ரெண்டு ஆட்டந்தான் தாங்கும். மறுபடி ஜவ்வு அறுந்துருச்சுன்னா, அப்புறம் நீங்க இந்தப் பக்கம் வரவே மாட்டீங்க. நானும் இந்த ஒன்பது மாசமா உங்க முட்டியப் பாத்து, எப்பச் சரியாயிருமோன்னு பயந்துட்டுத்தான் ஆடறேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் சுகன்யாவைச் சுட்டது. தன்னைப் போலவே இவளும் தினமும் அடுத்தவள் காலையே பார்த்திருக்கிறாள். இவள் மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் சுகன்யா பிசியோவின் அறைக்குப் போனாள்.

"இன்னொருக்கா அளந்துருங்க சார். நேத்து நல்ல கால அடக்கிட்டுத் தாண்டுனனுங்க."

வலது காலை முழுதாக விட்டாள். அது போய் விழுந்த இடத்துக்கும் இடது கால் எட்டிய இடத்துக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். இளஞ்செழியன் எதையும் எழுதாமல் டேப்பைச் சுருட்டினார்.

"இன்னும் மூணு மாசம் ஆகும்மா. லீக் முடிஞ்சே போயிரும். நேத்தே சரின்னுட்டேன், அப்புறம் ஏன் நீயா வந்து சொல்ற? முட்டி மேல இப்பத்தான் அக்கறை வந்துச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க சார்," என்றாள் சுகன்யா. "நான் மறுபடி உழுவறதத் தமிழினி பாக்கக் கூடாதுங்க."