மஞ்சள் போட்டுக் கழுவிய பேக்கன்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இரண்டு தையல் மெஷினில் தொடங்கி, வெளிநாட்டுக்குப் பனியன் அனுப்பும் கம்பெனி கட்டியவன். எனக்கு வராத வேலை கிடையாது, சமையல் உட்பட.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். துணியைச் சரிபார்க்க வந்த வெள்ளைக்காரப் பெண் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். காய்ச்சல் விட்டும் இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு, அம்மா செய்து தரும் சாண்ட்விச்சைச் சொல்லிக் கண் கலங்கினாள். ரொட்டிக்கு நடுவே பேக்கன் என்னும் பன்றிக்கறி, தக்காளி, லெட்டூஸ் கீரை.

கோயமுத்தூருக்குக் கார் அனுப்பி எல்லாம் வாங்கினேன். பேக்கன் உப்புப் போட்டுப் புகையில் வாட்டிய கறி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கறி என்றால் கறிதானே என்று மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன்.

"ஏனுங்க, அதை என்ர சட்டியில போட்டுராதீங்க" என்றாள் மனைவி. பிறகு அவளே பழைய தோசைக்கல்லை எடுத்து வந்தாள். "பாவமுங்க, பெத்தவ பக்கத்துல இல்லாத புள்ளை. நல்லா முறுவலா வறுங்க."

மஞ்சளாக இருந்த பேக்கனைப் பார்த்து அந்தப் பெண் விழித்தாள். கழுவிய விதத்தைக் கையால் செய்து காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே முழுவதையும் தின்றாள்.

மறுநாள் பாக்கெட்டில் மீதியிருந்ததை அவளே கழுவாமல் வறுத்து எங்களுக்குத் தந்தாள். மனைவியும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தாள்.

"ஒரே உப்புங்க. நீங்க செஞ்சதே தேவலை" என்றாள்.

அதைச் சொல்லவா வேண்டும்?