இல்லாத மருமகனின் முப்பத்தோராம் நாள்

இப்போது ஐம்பது வயதுக்காரர்கள் கார்ட்டூன் பூனை போட்ட சட்டையோடு மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று கைபேசிக்கு ஆடிக் காட்டுகிறார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஓய்வூதியம் எடுப்பவர் ஆடக்கூடாது என்று அரசாங்க ஊழியருக்கான தாபனக் கோவையில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் வயதுக்கேற்ற நடத்தை என்பது ஒருகாலத்தில் உயிர் சம்பந்தப்பட்ட விடயம். அதை என் தங்கை தன் ஒரே மகளுக்கு அகப்பைக் காம்பால் படிப்பித்தாள்.

அவர்கள் கல்குடாவில் இருந்தார்கள். தங்கை மகளான என் மருமகளுக்குப் பதினைந்து வயது. துவக்கோடு வந்தவர்கள் சண்டைக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்ட காலம் அது. கலியாணமானவர்களை அநேகமாக விட்டுவிடுவார்கள் என்பதால், ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் அவசரக் கலியாணம் நடந்தது. என் தங்கைக்கு மாப்பிள்ளை அகப்படவில்லை. ஆகவே தாலியை மட்டும் வாங்கித் தானே கட்டிவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை என்று ஊருக்குச் சொன்னாள்.

அன்றிலிருந்து பிள்ளை ஓடினால் அடி, சத்தமாய்ச் சிரித்தால் அடி. சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு மாமரத்தில் ஏறியதற்கு முதுகு வீங்க அடி. ஒருநாள் தொலைக்காட்சியில், பேரப்பிள்ளை காணும் வயதுள்ள கதாநாயகர் ஒருவர் புத்தகப் பையோடு துள்ளிக்கொண்டிருந்தார். மருமகள் என்னைப் பார்த்து, "மாமா, அவர் பள்ளிக்கூடம் போறார், நான் புளியாணம் காய்ச்சிறன். நல்லாரிக்கா?" என்றாள்.

மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. தாயும் மகளும் தென்னையைப் பிடித்துத் தப்பினார்கள். சேலையையும் தாலியையும் தண்ணீர் உரித்துக்கொண்டு போயிருந்தது. சித்தாண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதி முகாம். பிரதேச செயலகத்தில் வேலை பார்த்த நான்தான் அதற்குப் பொறுப்பு. கையொப்பமில்லாமல் ஒரு கொத்து அரிசி நான் கொடுத்ததில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோக வந்தவர்களுக்குக் கையொப்பமே தேவைப்படவில்லை.

இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். மருமகள் அப்போது, நிவாரணத்தில் கிடைத்த குட்டைச் சட்டையோடு, சிறுமிகளுடன் கயிறடித்துத் துள்ளிக்கொண்டிருந்தாள். மீசை அரும்பாத ஒருவன் துவக்கால் அவளைக் காட்டி, "வயசென்ன?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் என் தங்கை விறகுக் கட்டையோடு பாய்ந்தாள்.

"புருசனக் கடல் கொண்டுபோய் முப்பத்தொண்டு கழியல்ல, உனக்குக் கயிறடி கேக்குதாடி? லீவில வந்த பொடியன் உன்னாலதானே செத்தான்!"

தலையில், தோளில், காதோடு சேர்த்து. பிள்ளை விழுந்த பிறகும் அடித்தாள். காதிலிருந்து இரத்தம் வழிந்தது. துவக்கு வைத்திருந்தவனே பயந்து கையைப் பிடித்தான். "விடுங்கம்மா, செத்திரும்!"

அவளை விட்டுவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் சேலையுடுத்து, தலைகுனிந்து, ஒழுங்காய் நின்ற இன்னொருத்தியைத் தலைமயிரில் பிடித்து இழுத்துப் போனார்கள். அவளுடைய தாய் கேற்றுவரை மண்ணில் இழுபட்டாள். அந்தப் பிள்ளை திரும்பி வரவேயில்லை.

முகாம் பெண்கள் என் தங்கையின் சொல்லை அப்படியே நம்பினார்கள். முப்பத்தோராம் நாள் தங்கள் பங்கு அரிசியில் படையல் சமைத்து, "மருமகனுக்கு என்ன கறி விருப்பம் கா?" என்று கேட்டார்கள். "கணவாய்" என்றாள் தங்கை, யோசிக்காமல். முன்னால் நின்று அழுதவள் மகளைப் பறிகொடுத்த அந்தத் தாய்தான். பிறக்காத ஒருவரின் மரணத்தைப் பதிய எங்கள் அலுவலகத்தில் வழியில்லை. படைக்க மட்டும் வழி இருந்தது.

யுத்தம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "அந்தப் பொம்புளையின்ட முகத்தப் பார்த்துச் சொல்லுவீங்களா, அண்ணன்?" என்றாள் தங்கை. நான் சொல்லவில்லை. அந்தத் தாய் அப்போது அவர்களுக்கு அடுத்த வளவில் குடியிருந்தாள். ஆகவே மருமகள், ஒரு காது கேளாமல், இருபது வயதில் கைம்பெண்ணாகவே இருந்தாள். பெண் கேட்டு வந்தவர்கள் விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள்.

பிறகு உறவில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையின் தகப்பனார் கறுப்புக் கண்ணாடியோடு சினிமாப் பாட்டுக்கு ஆடினார், சபை கைதட்டியது. மருமகளும் எழுந்து சிவப்புச் சேலையோடு நடுவில் போய் ஆடினாள். கைதட்டல் நின்றது. சபையில் ஒருத்தி சொன்னாள்:

"புருசனக் கடலுக்குக் குடுத்தவள்ற ஆட்டத்தப் பாரு கா!"

தங்கை ஓடிப்போய்க் கையை ஓங்கினாள். மருமகள் அந்தக் கையை நடுவழியில் பிடித்து முறுக்கினாள். தங்கையின் வளையல் உடைந்து மணிக்கட்டில் ஏறியது.

"இல்லாத மருமகனச் சாக்காட்டினது நீங்கதானேம்மா. சாவுத் துடக்கையும் நீங்களே காத்திட்டு இரிங்க."

பாட்டுச் சத்தத்தில் அது எவ்வளவு தூரம் கேட்டதோ தெரியாது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த, மகளைப் பறிகொடுத்த அந்தத் தாய் எழுந்து நின்று, என் தங்கையைப் பார்த்தாள்.