சேவுகனும் அரிமளத்துக் குளிர் வண்டியும்

என் அக்காள் புருஷன் சேவுகனை யாராவது "கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு வந்த கிறுக்கன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன நடந்தது என்று கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. எனக்கும் பொறுமை கிடையாதுதான். ஆனால் நடந்ததில் பாதிக்கு நானே சாட்சி.

மச்சான் பதினொரு வருஷம் கல் லோடு லாரி ஓட்டியவர். இடுப்பு பிடித்துக்கொண்டு, குனிந்தால் நிமிர முடியாத நிலை வந்தது. இனி லாரிப் பக்கம் போகக்கூடாது என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில், 1957இல், அரிமளம் ராமசுப்பிரமணியன் செட்டியார் வீட்டில் டிரைவர் வேலை கிடைத்தது. மெத்தைச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வேலை. அக்காள் அன்றைக்கே குலதெய்வத்துக்குக் கிடாய் நேர்ந்துகொண்டாள்.

வண்டி செட்டியார் மகன் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. பெண்ணைப் பெற்றவர் பினாங்கில் வியாபாரம் செய்கிறவர். அங்கிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பிய அமெரிக்கக் கார். அதில் குளிர்காற்று வரும். டிக்கிக்குள் ஒரு பெட்டி, அதற்கு ஒரு விசிறி. பின்சீட்டுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி போன்ற குழாய்கள் மேலேறிக் கூரையோடு சேரும். அங்கிருந்து உட்கார்ந்திருப்பவர் தலையில் குளிர் இறங்க வேண்டும்.

இறங்கியது, ஐந்து நிமிஷத்துக்கு. அதன்பிறகு காற்று மெலிந்து, பத்தாவது நிமிஷத்தில் நின்றே போகும். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அரைமணி நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி ஐந்து நிமிஷம் வரும். சித்திரை வெயிலில் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் மனுஷன் வெந்துவிடுவான். கண்ணாடியை இறக்கவோ செட்டியார் சம்மதிக்க மாட்டார். குளிர் வண்டி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பெல்ட்டை இறுக்கினார். மதராசிலிருந்து ஒருவர் வந்து கேஸ் நிரப்பினார். இன்னொருவர் விசிறி மோட்டாரையே மாற்றினார். போகும்போது மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: டிரைவருக்கு வண்டியை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. மச்சான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். வாயைத் திறக்க மாட்டார். அதில்தான் எனக்கு அவர்மேல் கோபம்.

பங்குனி கடைசியில் செட்டியார் முடிவாகச் சொன்னார். "சேவுகா, சித்திரையில சம்பந்தி கப்பலேறி வாராரு. அவரு குடுத்த வண்டியில அவரையே வேர்க்க வேர்க்க ஏத்திக்கிட்டுப் போக முடியாது. அன்னைக்குக் குளுரலைன்னா நீ வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் என்றால் லாரிதான். மச்சான் நேராக என்னிடம் வந்தார். எனக்குக் கீழராஜ வீதியில் பேட்டரிக் கடை. மீட்டரை எடுத்து விசிறிக்கு வரும் கரண்டைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. வண்டியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு டிக்கியைத் திறந்தோம். பெட்டியின் மேல் வெள்ளைவெளேரென்று ஐஸ் கட்டியிருந்தது.

"குளுரு இருக்கு மச்சான். விசிறியும் சுத்துது. காத்துதான் இல்லை," என்றேன்.

அவர் ஐஸை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப விசிறிக்கு எங்கிட்டிருந்து காத்து வருது, மாப்ளே?"

மூன்று மெக்கானிக்குகளும் கேட்காத கேள்வி அது. எல்லாரும் காற்று வெளியே வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் கடையில் சாமிக்கு வைத்திருந்த ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஊதுபத்தியோடு பின்சீட்டில் மண்டியிட்டார். கூரையில் காட்டினார், புகை அசையவில்லை. சீட்டுக்கு அடியில் காட்டினார், அசையவில்லை. சீட்டுக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டி ஒரு பலகை உண்டு. அதன் ஓரத்தில் காட்டியபோது புகை வளைந்து உள்ளே நுழைந்தது.

அந்தப் பலகை முழுவதும் ஒரு தடுக்கு விரித்திருந்தது. சாயமேற்றிய ஓலையில் பெண்ணின் தாயார் கையாலேயே பின்னிய சின்னப் பாய். நடுவில் பெண் மாப்பிள்ளை பெயர் வைத்து, பலகையின் அளவுக்கே பின்னி, வண்டியோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். வந்த நாளிலிருந்து யாரும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. மச்சான் தூக்கினார். அடியில் சல்லடைபோல் துளைகள். விசிறி காற்றை இழுக்கிற வாயே அதுதான். ஐஸ் உருகட்டும் என்று காத்திருந்து, தடுக்கு இல்லாமல் ஓடவிட்டோம். அரைமணி நேரம் ஓடியும் குளிர் குறையவில்லை. எனக்கு நடுக்கமே வந்துவிட்டது. மச்சான் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் செட்டியாரிடம் விஷயத்தைச் சொன்னார். செட்டியார் அரிமளத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார், குளிர்ந்துபோனார். இறங்கும்போது சொன்னார்: "சரி. சம்பந்தி வரும்போது மட்டும் தடுக்கை எடுத்து விரிச்சிரு."

"விரிச்சா குளுராதுங்கய்யா."

"குளுரணுமேப்பா."

"அப்ப விரிக்கக்கூடாதுங்க."

"விரிக்காம எப்படி? பொண்ணு வீட்டுச் சீரைத் தூக்கிப் போட்டோம்னு பேச்சு வந்துராதா? என் மருமக மொகத்துல நான் முழிக்க வேணாமா?"

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பத்து நாள் இதே பேச்சு. ஒரு நாள் செட்டியாரின் மனைவி கண்ணம்மை ஆச்சியும் சேர்ந்துகொண்டு, "மிசின் தெரிஞ்சவனுக்கு ஒரு தடுக்கு பெரிய விஷயமா?" என்று கேட்டார்களாம். மச்சான் நூல்கண்டுக் கட்டைகள் நான்கை அடியில் வைத்துத் தடுக்கை உயர்த்திப் பார்த்தார். முதல் பள்ளத்திலேயே கட்டைகள் உருண்டன, ஓலை போய் வாயில் ஒட்டிக்கொண்டது. நடுவில் வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு ஆச்சி காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் மச்சான் தடுக்கை வேட்டித் துணியில் சுற்றி டிக்கியில் வைத்தார். செட்டியாருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

சம்பந்தி வந்து இரண்டாம் நாள் அவரை விராலிமலைக்குச் சாமி கும்பிட அழைத்துப் போனார்கள். அக்னி வெயில். வண்டிக்குள்ளோ மார்கழி. "நான் அனுப்புன வண்டியில்ல, அப்படித்தான் இருக்கும்," என்று சம்பந்தி வழியெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டார். கண்ணாடி வழியாக மச்சானைப் பார்த்துச் செட்டியார் தலையைக்கூட ஆட்டினார்.

மலையிலிருந்து இறங்கி வந்து, பிரசாதத் தட்டை வைக்கப் போகும்போதுதான் சம்பந்தி பலகையைப் பார்த்தார். "இங்கன கெடந்த தடுக்கு எங்கே? எங்க வீட்டுல ஒரு மாசம் உக்காந்து பின்னுனது."

செட்டியார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இந்தச் சேவுகன் பாத்த வேலை. யாரைக் கேட்டு எடுத்தே? எடு, விரி. சம்பந்தியிட்ட மன்னிப்புக் கேளு."

மச்சான் மன்னிப்புக் கேட்டார். டிக்கியைத் திறந்து தடுக்கை எடுத்து, சுருக்கம் விழாமல் பலகையில் விரித்தார். கிளம்பினார்கள். இலுப்பூர் நெருங்குவதற்கு முன்பே காற்று மெலிந்தது. இலுப்பூர்க் கடைவீதியில் வண்டி அடுப்பாகிவிட்டது. சம்பந்தி துண்டால் விசிறிக்கொண்டார்.

"என்ன சேவுகா இது, காத்து வரலையே? ஒனக்கு வண்டியப் பாத்துக்கத் தெரியாதா?" என்றார் செட்டியார்.

மச்சான் வண்டியை பஸ் ஸ்டாப் வேப்பமரத்து நிழலில் ஓரங்கட்டினார். இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, சாவியைச் செட்டியார் கையில் கொடுத்தார். "எனக்குத் தெரியாதுங்கய்யா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். உள்ளே இருந்த இரண்டு பேருக்குமே வண்டி ஓட்டத் தெரியாது.

நாலு மணிக்கு என் கடைக்கு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் நான் கத்தினேன். பத்து நாள் பொறுத்த மனுஷனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா? திட்டை ஒரு செம்புத் தண்ணீரோடு விழுங்கிவிட்டால் ஆகாதா? இல்லையென்றால் நான் அரிமளம் போய்ச் சம்பந்தியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வரட்டுமா?

"வேணாம் மாப்ளே," என்றார். "திட்டுனது எனக்குப் பெருசில்லை. மன்னிப்புக் கேட்டதும் பெருசில்லை. ஆறு மாசமா எங்க அடைச்சிருக்குன்னு தேடிக் கண்டுபுடிச்சேன். அதை என் கையாலயே திரும்ப அடைக்கச் சொன்னாங்க. அடைச்சேன். அடைச்சிட்டு உக்காந்து ஓட்டுனேன் பாரு, அந்தப் பத்து மைலத்தான் என்னால தாங்க முடியல."

திங்கட்கிழமை அவர் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லாரிக்குப் போனார்.