பனியன் துணிப் பந்தல்

எங்கள் கோயில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மேஜையில்தான் தொடங்கியது. சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற ரோட்டில் அன்றைக்கு வேதக்காரர்களான எங்களுக்குக் கோயில் ஏது? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் கோயிலிலிருந்து சாமியார் சைக்கிளில் வருவார். கம்பெனி முதலாளி முருக பக்தர். "உங்க சாமியும் இங்கயே இருக்கட்டுமுங்க" என்று சாவியைக் கொடுத்துவிடுவார். துணி வெட்டுகிற மேஜையைத் துடைத்து, வெள்ளை விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றினால் அதுதான் பூசைப்பீடம். சுவரில் காலண்டர் முருகன், மேஜைமேல் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம். பஞ்சு மூக்கில் ஏறி, பிரசங்கத்துக்கு நடுவே சாமியார் தும்முவார். நான் அதே கம்பெனியில் பனியன் மடிக்கிற வேலை பார்த்தேன். வாரமெல்லாம் கால்கடுக்க நின்ற இடத்தில் அன்றைக்கு மட்டும் முழந்தாளிடுவேன்.

மாதம் ஒரு பூசை போதும் என்றுதான் நானும் இருந்தேன், அப்பா சாகிற வரைக்கும்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தார். சாமியார் சேவூர்ப் பக்கம் பூசைக்குப் போயிருந்தார். அங்கே போய் அவரைப் பிடித்துக் கூட்டிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாகிறவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் இல்லாமல், காதில் ஒரு ஜெபம் சொல்ல ஆளில்லாமல், வாசலையே பார்த்தபடி அப்பா போய்ச் சேர்ந்தார். திறந்திருந்த கண்ணை நான்தான் மூடிவிட்டேன். அம்மா அழவில்லை. "எனக்கும் இப்படித்தானா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். அப்போதே அவளுக்கு இழுப்பு முற்றியிருந்தது. எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சாமியார்மேல் கொட்ட முடியுமா? பாவம், ஒரு மனுஷன், ஒரு சைக்கிள், இத்தனை ஊர். எங்கள் ஊரிலேயே ஒரு சாமியார் இருந்தாக வேண்டும், அதுவும் அம்மா இருக்கும்போதே வந்தாக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதன்பிறகு எங்கள் ஜனங்களை நான் நிம்மதியாக இருக்கவிடவில்லை. கம்பெனியில், தண்ணீர்க் குழாயடியில், சந்தையில், எங்கே கண்டாலும் அதே பேச்சுதான். என்னைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. கடைசியில் சோளம் விளைகிற மேட்டுக்காட்டில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கள்ளிவேலியை வெட்டி, கல் பொறுக்கி, நாங்களே தகரக் கொட்டகை போட்டோம். சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கிற ஆயர் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அவருக்குத் திருப்தியானால் நாங்கள் தனிப்பங்கு, எங்களுக்கென்று ஒரு சாமியார். இல்லாவிட்டால் பழையபடி சைக்கிள்தான்.

கொட்டகைக்குள் அத்தனை பேரும் கொள்ளமாட்டார்கள், வெளியே பந்தல் போட வேண்டும். வேறு ஊராக இருந்தால் தென்னங்கீற்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் ஆண்களுக்கு அது கௌரவக் குறைச்சல்.

"பனியன் ஊருல கீத்துப் பந்தலாங்க? ஆயர் என்ன நெனப்பாரு?"

முதலாளி சலவைப்பட்டறையில் வெளுத்து வந்த துணியை உருட்டு உருட்டாகக் கொடுத்தார். மூங்கில் நட்டு இழுத்துக் கட்டினார்கள். பளீரென்று இருந்தது. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன், பொய் சொல்வானேன். பொழுதன்றைக்கும் அந்தத் துணியோடு புரள்கிறவர்கள் நாங்கள். நனைந்தால் அது எப்படி நீளும் என்பது எங்கள் ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

ஆயர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. பந்தல் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு தள்ளி இறங்கிற்று. அவருடைய உயரத் தொப்பியில் முட்டி, அதையும் சாய்த்துவிட்டது. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்துட்டு நிக்கறீங்களே, கையைத் தூக்குங்க!" என்று கத்தினேன். பூசை நடுவில் ஒரு பெண் அப்படிக் கத்தி எங்கள் ஆட்கள் கேட்டதில்லை. பெண்கள் கைகளால் துணியைத் தாங்கினோம். ஆண்கள் மூங்கிலால் முட்டுக்கொடுத்தார்கள். முழங்கை வழியே தண்ணீர் ஓடி ஜாக்கெட்டெல்லாம் நனைந்தது. ஆயர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். முடிகிற வரை ஒருவரும் கையை இறக்கவில்லை, ஒருவரும் வீட்டுக்கு ஓடவுமில்லை.

பூசை முடிந்து கொட்டகைக்குள் வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே ஆயர் சொன்னார்: "உங்கள் உறுதி தெரிகிறது. ஆனால் சாமியார் வந்தால் எங்கே தங்குவார்? முதலில் ஒரு வீட்டைக் கட்டுங்கள். பிறகு பார்க்கலாம்."

பெரியவர்கள் "ஆகட்டுங்க" என்று தலையாட்டினார்கள். எனக்குப் பகீரென்றது. அந்த வீடு எழும்புகிற வரைக்கும் அம்மா தாங்குவாளா?

"ஊடு இருக்குதுங்க சாமி" என்றேன். எல்லாத் தலையும் திரும்பிற்று. "எங்க ஊடுதானுங்க. முன்னறை சாமியாருக்கு. நாங்க பின்னால சமையக்கட்டுல இருந்துக்கறோமுங்க."

என் வீட்டுக்காரரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. ஆயர் அவரைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"அவ சொல்லிட்டாளுங்க சாமி. இனி நான் சொல்றதுக்கு என்ன இருக்குது?"

ஆயர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த அறுவடைக்குள் ஒரு தகரப் பெட்டியோடு இளஞ்சாமியார் ஒருவர் எங்கள் முன்னறையில் வந்து இறங்கினார்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கம்பெனிகள் பெருகின. தெற்கேயிருந்து வேலை தேடி வேதக்காரக் குடும்பங்கள் வந்து குவிந்தன. எங்கள் "ஏனுங்க"வும் அவர்கள் "ஏலே"யும் ஒரே பாட்டில் சேர்ந்து ஒலித்தன. தகரக் கொட்டகைக்குச் சுவர் எழும்பிற்று. திருமுருகன்பூண்டியில் சாமி சிலை செதுக்குகிற குடும்பமே எங்கள் பீடத்துக்கும் கல் செதுக்கிக் கொடுத்தது. சாமியார் வீடுதான் இழுத்தடித்தது. அவர் எங்கள் முன்னறையிலேயே இருந்தார்.

ஒருநாள் மத்தியானம், உலை கொதித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் மூச்சுச் சத்தம் மாறியது. கையிலிருந்த கரண்டியாலேயே நடுச்சுவரைத் தட்டினேன். சாமியார் சாப்பாட்டைப் பாதியில் விட்டு, செருப்புக்கூடப் போடாமல் எண்ணெய்ச் சிமிழோடு வந்து நின்றார். அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அதுக்குள்ளயுமா வந்துட்டீங்க சாமி?"

அவர் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபம் சொல்லச் சொல்ல, திணறலுக்கு நடுவிலும் அவளே பதில் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஆனால் மனசு நிறைந்திருந்தது.

அவள் கட்டில் வாசலுக்கு நேராகத்தான் கிடந்தது. அம்மா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.